ஒரு வெற்றிலை போடும் நேரம்

1

என் பெரியம்மாவின் மகன், 1986ஆம் ஆண்டு ஆடித்தபசு அன்று பனவடலிசத்திரத்தில், வீட்டிலேயே பிறந்தான். நாளைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தபசுக் காட்சி பார்க்க அன்று ஊரே சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தது. ஊரில் இருந்த இரண்டு வாடகைக் கார்களும் போய்விட்டன. பேருந்துகளின் கூரையிலும் ஆட்கள். மதியம் வலி அதிகமானபோது பெரியப்பா ரோட்டுக்கும் வீட்டுக்குமாக ஓடியிருக்கிறார். வண்டி கிடைக்கவில்லை. கடைசியில் மருத்துவச்சிப் பாட்டியைத்தான் கூட்டி வந்தார்கள்.

பிள்ளை பிறந்தது. அழவில்லை. உடம்பெல்லாம் நீலம் பாரித்து, துவண்ட துணிபோலக் கிடந்தது என்று பெரியம்மா சொல்வாள். பாட்டி உள்ளங்காலைத் தட்டினாள், முகத்தில் பானைத் தண்ணீரைத் தெளித்தாள், வாயை வழித்துவிட்டு ஊதினாள். வெளியே யாரோ பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டினார்கள். பிறகு ஒரு முனகல், அதற்குப் பிறகு அழுகை.

எவ்வளவு நேரம் இருக்கும் என்று நான் கேட்டிருக்கிறேன். வீட்டில் கடிகாரம் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. "ஒரு வெத்தில போட்டுத் துப்புற நேரம்ல" என்பாள் பெரியம்மா. அது மூன்று நிமிடமா, பத்து நிமிடமா என்பது வெற்றிலையையும் போடுகிறவரையும் பொறுத்தது.

அண்ணனுக்கு இப்போது நாற்பது வயது நெருங்குகிறது. கைகால்கள் அவன் சொல்படி கேட்பதில்லை. ஒரு டம்ளரை எடுக்கப் போனால் கை வேறெங்கோ சுற்றிவிட்டு வரும். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும், கேட்டுப் பழகியவர்களுக்கு மட்டும் புரியும். புத்தியில் குறை ஒன்றுமில்லை. எங்கள் குடும்பத்தில் கணக்கு என்றால் அவனிடம்தான் கேட்போம். சர்டிஃபிகேட்டில் இருக்கும் சொல் பெருமூளை வாதம்.

எப்போது நடந்தது என்பது பற்றி வீட்டில் நான்கைந்து கட்சிகள் உண்டு. ஏழாம் மாதம் கிரகணத்தன்று முற்றத்துக்கு வந்துவிட்டாள் என்பது ஆச்சியின் கட்சி. அந்தப் பாட்டிக்குக் கை பழக்கம் போய்விட்டது என்பாள் அத்தை. ஒரு கார் இருந்திருந்தால் என்பார் பெரியப்பா. பெரியம்மா எந்தக் கட்சியிலும் சேரமாட்டாள். நான் இன்ஜினியரிங் முடித்து வேலைக்குப் போன பிறகு, படித்தவன் என்ற முறையில் என்னிடம் மட்டும் அவ்வப்போது கேட்பாள்.

"ஏல, நீ கம்ப்யூட்டர்ல எல்லாம் பாப்பியே. அவனுக்கு எப்பல ஆச்சு அது?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போனதால் வந்தது. தேடியபோதுதான் தெரிந்தது, பெரியம்மாவின் கேள்வியை மருத்துவம் 160 வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

2

1861 அக்டோபரில், லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் வில்லியம் ஜான் லிட்டில் ஓர் உரை நிகழ்த்தினார். சிறுவயதில் வந்த நோயால் தன் கால் ஒன்று திருகிப்போனவர் அவர். அந்தக் காலைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையை ஜெர்மனியில் தான் செய்துகொண்டு, அதையே கற்றுத் திரும்பி மற்றவர்களுக்கும் செய்தவர். விறைத்த கால்களோடு தன்னிடம் வந்த குழந்தைகளின் பிறப்புக் கதைகளை அவர் பல வருடங்களாகக் கேட்டுக் குறித்துவைத்திருந்தார். குறைமாதம், நீண்ட வலி, பிறந்ததும் அழாமை என்று அதே கதைகள் திரும்பத் திரும்ப வந்தன. பிறப்பின்போது மூச்சு தடைபடுவதுதான் மூளையைக் காயப்படுத்துகிறது என்றார். அதன் பிறகு நெடுங்காலம் இந்த நிலைக்கு லிட்டில் நோய் என்றே பெயர்.

36 வருடங்கள் கழித்து வியன்னாவிலிருந்து ஒரு மறுப்பு வந்தது. எழுதியவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். கனவுகளைப் பற்றி எழுதிப் புகழ் பெறுவதற்கு முன் அவர் நரம்பியல் மருத்துவர், குழந்தைகளின் மூளை வாதத்தில் தேர்ந்தவர். 1897இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல் இதைப் பற்றியதுதான். கடினமாகப் பிறந்த எத்தனையோ குழந்தைகள் ஒரு குறையுமின்றி வளர்கிறார்களே என்று கேட்டார். கருவிலேயே ஏதோ கோளாறு நேர்ந்துவிட்டிருக்கலாம், பிறப்பு கடினமானதும் அந்தக் கோளாறின் விளைவாக இருக்கலாம் என்றார். அதாவது லிட்டில் காரணம் என்று சொன்னதை ஃப்ராய்ட் அறிகுறி என்றார்.

என் வேலையில் இது எனக்குப் பழக்கமான சண்டை. நள்ளிரவில் ஒரு சர்வர் விழும். விழுந்த நொடி லாகில் பதிவாகியிருக்கும். அந்த நொடியில் யார் என்ன செய்தார்கள் என்று தேடி, கடைசியாகக் கைவைத்தவனைப் பிடித்துவிடுவோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நினைவகம் ஒரு வாரமாகச் சிறுகச் சிறுகக் கசிந்துகொண்டிருந்தது தெரியும். விழுந்த நேரம் வேறு, பழுது தொடங்கிய நேரம் வேறு. கடைசியாகக் கைவைத்தவனிடம் அதற்குள் பாதி ஆபீஸ் பேச்சை நிறுத்தியிருக்கும்.

ஃப்ராய்டை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பிறப்புத்தான் காரணம் என்பதே அடுத்த 90 வருடங்களுக்குப் பொதுக்கருத்து. அமெரிக்காவில் 1959இல் தொடங்கி 50,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த மாபெரும் ஆய்வு ஒன்று நடந்தது. அதன் தரவுகளை அலசி கரின் நெல்சனும் ஜோனஸ் எல்லன்பெர்க்கும் 1986இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெருமூளை வாதம் வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பிறப்பின்போதைய மூச்சுத்தடையைக் காரணமாகக் காட்ட முடியவில்லை. ஃப்ராய்ட் பாதியாவது சரி என்று ஆனது. அண்ணன் பிறந்ததும் அதே வருடம்தான்.

ஆனால் பாதிதான். எல்லா வாதத்துக்கும் மூச்சுத்தடை காரணமில்லை என்பது உண்மை. மூச்சுத்தடையால் வாதம் வருகிறது என்பதும் உண்மை. அப்படி வரும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது?

3

மூச்சு நின்ற குழந்தையை என்ன செய்வது என்பதில் மருத்துவர்கள் நெடுங்காலம் எங்கள் பாட்டியைவிட அதிகம் அறிந்திருக்கவில்லை. அவர்களும் தட்டினார்கள், ஆட்டினார்கள், தண்ணீரில் முக்கினார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952இல்தான் பிறந்த குழந்தைக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார். இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கம், தூண்டினால் எதிர்வினை, நிறம் என ஐந்து விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2. மூச்சு வராத குழந்தையை ஓரமாக வைத்துவிட்டுத் தாயைக் கவனிக்கும் வழக்கம் இருந்த காலம் அது. முதல் நிமிடத்தில் ஒருவர் குழந்தையை உற்றுப் பார்த்தே ஆகவேண்டும் என்று அந்த எண் கட்டாயப்படுத்தியது. அதன் பெரிய சாதனை அதுதான்.

அதே பத்தாண்டில் வெப்பத்தைப் பற்றி இரண்டு எதிரெதிரான செய்திகள் வந்தன. ஸ்வீடனில் பியோர்ன் வெஸ்டினும் சகாக்களும், எதற்கும் மூச்சு வராத குழந்தைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திப் பிழைக்கவைத்ததாக 1959இல் எழுதினார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மேன், குறைமாதக் குழந்தைகளைக் கொஞ்சம் கூடுதல் கதகதப்பில் வைத்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்பதை முறையான ஒப்பீட்டுச் சோதனையில் காட்டியிருந்தார். சில்வர்மேனின் ஆதாரம் வலுவானது. குறைமாதக் குழந்தைக்கு அது இன்றும் உண்மை. அதோடு குளிர் என்ற பேச்சே பிரசவ அறையிலிருந்து வெளியேறியது. அடுத்த முப்பது வருடங்களுக்குப் பிறந்த குழந்தை என்றால் சூடு, சூடு மட்டும்தான்.

பூட்டைத் திறந்தது 1980களில் லண்டனில் நடந்த வேலை. யுனிவர்சிட்டி காலேஜில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸின் குழு, பிறந்த குழந்தைகளின் மூளைக்குள் இருக்கும் ஆற்றல் இருப்பை வெளியிலிருந்தே அளந்தது. பாஸ்பரஸ் அணுக்களைக் காந்தப்புலத்தில் கேட்கும் முறை அது. ஊசி இல்லை, வெட்டு இல்லை. மூச்சுத்தடையோடு பிறந்த குழந்தைகளின் மூளையில் ஆற்றல் இருப்பு அதலபாதாளத்தில் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதல் நாளில் பல குழந்தைகளுக்கு அது கிட்டத்தட்ட இயல்பாக இருந்தது. அடுத்த நாட்களில்தான் விழுந்தது. மூச்சு வந்துவிட்டது, ரத்தம் ஓடுகிறது, ஆக்சிஜன் இருக்கிறது, அப்படியும் விழுந்தது. எவ்வளவு ஆழமாக விழுந்ததோ அந்த அளவுக்குப் பின்னாளில் பாதிப்பு.

நடப்பது இதுதான். ஆக்சிஜன் நின்றதும் செல்லின் நாணயமான ஏடிபி தீர்கிறது. உப்புகளை உள்ளும் புறமும் பிரித்துவைக்கும் பம்புகள் நிற்கின்றன. குளுட்டமேட் என்ற ரசாயனம் கட்டின்றிக் கொட்டுகிறது, கால்சியம் செல்லுக்குள் பாய்கிறது. சில செல்கள் அப்போதே சாகின்றன. மூச்சு திரும்பியதும் மீதி செல்கள் எழுந்து உட்கார்ந்துவிடுகின்றன. சில மணி நேரங்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டதுபோல ஒரு அமைதி. ஆனால் உள்ளே மைட்டோகாண்ட்ரியா என்ற ஆற்றல் அடுப்புகள் சேதப்பட்டிருக்கின்றன. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் உத்தரவுகள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன. பிறகு இரண்டாவது சரிவு வருகிறது, பெரும்பாலும் வலிப்போடு.

இதைப் படித்த இரவு நான் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். பிறந்த அன்றைக்கு அண்ணன் எப்படி இருந்தான் என்று கேட்டேன்.

"அழுத பொறவு நல்லாத்தான் இருந்தான்யா. சீனித்தண்ணிய நக்கினான். எல்லாரும் பயம் தீந்துட்டுன்னு படுத்துட்டாக. மறுநாள் விடியக்கருக்கல்லதான் வெட்டு வந்திச்சு. கண்ணு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, வாய் சப்புக்கொட்டிக்கிட்டே இருந்திச்சு."

காந்தமோ பாஸ்பரஸோ இல்லாமல் அவள் பார்த்துவைத்திருந்தாள். நடுவில் இருந்த அந்த இரவு, எல்லாரும் பயம் தீர்ந்து தூங்கிய இரவு, ரெனால்ட்ஸ் கண்டுபிடித்த இடைவெளி.

4

இரண்டாவது மரணம் தாமதமாக வருகிறது என்றால், அதற்குள் ஏதாவது செய்ய நேரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலத்தின் பெரிய நம்பிக்கை அதுதான்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அலிஸ்டர் கன், பீட்டர் க்ளக்மன் குழு செம்மறி ஆட்டுக் கருக்களில் சோதித்தது. கருவின் மூளைக்கு ரத்த ஓட்டத்தை அரை மணி நேரம் நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, 90 நிமிடங்களுக்குப் பிறகு தலையில் குளிர்நீர்க் குழாயைச் சுற்றினார்கள். மூன்று நாட்கள் அப்படியே. 1997இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. குளிர்வித்த மூளைகளில் சேதம் மிகக் குறைவு. ஐந்தரை மணி நேரம் கழித்துத் தொடங்கினால் பலன் குறைந்தது. வலிப்பு தொடங்கிய பிறகு, எட்டரை மணி நேரத்தில் தொடங்கினால் பலனே இல்லை. இன்றைக்கும் மருத்துவமனைகளில் சொல்லப்படும் ஆறு மணி நேரக் கெடு இந்த ஆடுகளிடமிருந்து வந்தது.

குளிர் எதையும் குணப்படுத்துவதில்லை. செல்லின் எல்லா வேலைகளையும் மெதுவாக்குகிறது, தன்னை அழித்துக்கொள்ளும் வேலையையும் சேர்த்து. வெறிபிடித்து ஓடும் புரோகிராமை நிறுத்த வழி தெரியாதபோது கணினியின் வேகத்தைக் குறைப்பதுபோல. அதற்குள் புயல் ஓய்ந்துவிடும் என்பது கணக்கு.

2005இல் இரண்டு பெரிய சோதனைகள் வெளிவந்தன. அமெரிக்காவில் சீதா சங்கரன் தலைமையில் 208 குழந்தைகள். பாதிப் பேரின் உடலை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்தார்கள். இறப்பும் கடுமையான அல்லது நடுத்தர ஊனமும் சேர்ந்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 62 சதவீதம், குளிர்வித்தவர்களில் 44 சதவீதம். தலையை மட்டும் குளிர்வித்த இன்னொரு சோதனையில் 234 குழந்தைகள். 2009இல் பிரிட்டன் தலைமையில் 325 குழந்தைகள். 2013இல் 11 சோதனைகளை, 1,505 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு இப்படி வந்தது: ஏழு குழந்தைகளைக் குளிர்வித்தால் அதில் ஒருவரை மரணத்திலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ காப்பாற்றலாம். பிறந்த குழந்தையின் மூளைக்காயத்துக்கு வரலாற்றில் வேலை செய்த முதல் சிகிச்சை. பணக்கார நாடுகளில் சில வருடங்களில் அது வழக்கமாகிவிட்டது.

நம் ஊரில்?

5

வேலூர் சிஎம்சியில் நிரஞ்சன் தாமஸும் சகாக்களும் 20 குழந்தைகளைக் குளிர்வித்த அனுபவத்தை 2011இல் வெளியிட்டார்கள். லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்த ஜெல் பைகளைத் துணியில் சுற்றிக் குழந்தையின் கீழும் பக்கத்திலும் வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து எடுத்தும் வைத்தும் 33 டிகிரியில் நிறுத்தினார்கள். 72 மணி நேரம் ஒரு நர்ஸ் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருக்கவேண்டும். அடுத்த கட்டமாக வேலூர் மருத்துவர்களும் ப்ளஸ் என்ற நிறுவனமும் சேர்ந்து மிராகிரேடில் என்ற தொட்டிலை உருவாக்கினார்கள். குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் பொருள் அடைத்த மெத்தை அது. உருகும்போது குழந்தையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். உருகி முடியும்வரை அதன் வெப்பம் ஏறாது. மின்சாரம் போனாலும் பாதகமில்லை. பொறியாளனாக எனக்கு மிகவும் பிடித்த கருவி அது.

ஆனால் குளிர் ஏழை நாடுகளில் அதேபோல வேலை செய்யுமா என்ற சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த ஒரு சிறு முன்னோட்டத்தில் குளிர்வித்த 21 குழந்தைகளில் 7 பேர் இறந்தார்கள், குளிர்விக்காத 15 பேரில் ஒருவர். 36 குழந்தைகளை வைத்து எதையும் முடிவு செய்யமுடியாது. சும்மா இருக்கவும் முடியாது.

அதற்காக நடந்ததுதான் ஹீலிக்ஸ் சோதனை. லண்டன் இம்பீரியல் காலேஜின் சுதின் தய்யில் தலைமையில், இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 2015 முதல் 2019 வரை நடந்தது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் அதில் ஒன்று. 408 குழந்தைகள். யாருக்குக் குளிர், யாருக்கு வழக்கமான சிகிச்சை என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. தீவிர சிகிச்சை வசதி உள்ள இடங்கள், தானே வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும் நல்ல இயந்திரங்கள், ஆறு மணி நேரத்துக்குள் தொடக்கம், அதே 33.5 டிகிரி, அதே 72 மணி நேரம்.

2021 ஆகஸ்டில் முடிவு வந்தது. 18 மாதத்தில் இறப்பும் ஊனமும் சேர்த்து: குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், மற்றவர்களில் 47 சதவீதம். வித்தியாசம் இல்லை. இறப்பை மட்டும் பார்த்தால் குளிர்வித்தவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 31 சதவீதம். உலகின் ஒரு பாதியில் காப்பாற்றிய சிகிச்சை இங்கே காப்பாற்றவில்லை. கூடுதலாகச் சிலரைக் கொன்றிருக்கவும் வாய்ப்பு உண்டு.

அந்த எண்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் இன்று பிறந்து, 108 வந்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கு நேரத்துக்குப் போய், குளிர்ந்த தொட்டிலில் கிடந்தால் பிழைத்துக்கொள்வான் என்று மனதுக்குள் ஒரு கதை எழுதி வைத்திருந்தேன். அந்தக் கதையில் ஓட்டை விழுந்தது.

முடிவை எல்லோரும் ஒருபோல ஏற்கவில்லை. நிறையக் குழந்தைகள் வேறு இடங்களில் பிறந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்பதைச் சுட்டினார்கள். வேலூரில் 50 குழந்தைகளிடம் தொட்டிலை வைத்து நடந்த ஒப்பீட்டுச் சோதனை 2020இல் வெளியாகியிருந்தது. அதில் குளிர்வித்தவர்களின் எம்ஆர்ஐ படங்களில் சேதம் குறைவு. அந்த வாதம் இன்னும் முடியவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது ஏன் என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் சொன்ன பதில்.

6

பிறப்பின்போது ஒரே அடியாக ஆக்சிஜன் நின்றால் மூளையின் ஆழத்தில், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் கருக்களில் காயம் தெரியும். ஹீலிக்ஸ் குழந்தைகளின் படங்களில் அது குறைவு. மேலாக இருக்கும் வெள்ளைப் பொருளில்தான் காயம் அதிகம் தெரிந்தது. விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, நீண்ட நேரம் ஆக்சிஜன் குறைந்தால் வரும் காயத்தின் சாயல் அது. பின்னர் குழந்தைகளின் ரத்தத்தில் எந்த மரபணுக்கள் முடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தார்கள். தெற்காசியக் குழந்தைகளிடம் இருந்த வடிவமும் நீண்ட, விட்டுவிட்டு வரும் மூச்சுத்தடையோடு ஒத்துப்போனது. பணக்கார நாட்டுக் குழந்தைகளிடம் திடீர் அடியின் வடிவம்.

அப்படியென்றால் இங்கே பல குழந்தைகளுக்குக் கடிகாரம் பிறந்த நொடியில் தொடங்கவில்லை. முந்தின நாளே தொடங்கியிருக்கலாம். ஆறு மணி நேரக் கெடு அவர்கள் பிறக்கும்போதே முடிந்திருக்கலாம். ஃப்ராய்டின் பழைய கேள்வி, முழுதாக அவர் சொன்ன அர்த்தத்தில் இல்லாவிட்டாலும், எழும்பூர் வழியாகத் திரும்பி வந்திருந்தது.

அப்போது சிகிச்சை நடக்கவேண்டிய இடம் மாறுகிறது. குளிர்த் தொட்டில் முக்கியமில்லை, வலி வந்து படுத்திருக்கும் தாயின் கட்டில் முக்கியம். அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் வந்து வயிற்றில் காதை வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கிறாரா? சீக்கிரம் முடியட்டும் என்று கணக்கில்லாமல் வலி ஊசி ஏற்றப்படுகிறதா? கர்ப்பப்பை ஒவ்வொரு முறை இறுகும்போதும் பிள்ளைக்கு ரத்தம் குறைகிறது. இறுக்கங்களுக்கு இடையில் மூச்சு வாங்க நேரம் வேண்டும், ஊசி அந்த இடைவெளியைத் தின்றுவிடும். பிறந்ததும் அழாவிட்டால் முதல் நிமிடத்திலேயே பையும் முகமூடியும் வைத்துக் காற்றுக் கொடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா? இதற்கு நிபுணர்தான் வேண்டும் என்பதில்லை. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இருவரும் 1990களிலேயே கிராமத்துப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து, குழந்தைகள் பிழைப்பதைக் காட்டினார்கள். 2009இல் இந்திய அரசு பிரசவ அறைப் பணியாளர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொண்டுவந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. தாய் வந்து சேர்ந்துவிட்டாள். வந்து சேர்ந்தவளைக் கவனிக்க எத்தனை கைகள் இருக்கின்றன என்பதுதான் மிச்சக் கேள்வி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். மருத்துவச்சிப் பாட்டியின் மேல் மட்டும் பழிபோட முடியாது, பிறப்பதற்கு முன்னாலேயே பிள்ளைக்கு மூச்சுக் குறைந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைப்பு. அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

"தபசுக்கு முந்தின நாளே துடிப்பு கொறஞ்ச மாரிதான் இருந்திச்சு. எப்பவும் உதைக்கவன் அன்னைக்கி அசங்கல. சொன்னா கோயிலுக்குப் போறத எல்லாரும் நிறுத்திருவாகன்னு நான் வாயத் தொறக்கல."

38 வருடங்களாக அவள் எந்தக் கட்சியிலும் சேராமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். பாட்டியை விடுவிக்கப்போய் நான் பெரியம்மாவைக் கூண்டில் ஏற்றிவிட்டேன். புள்ளிவிவரம் 408 குழந்தைகளைப் பற்றிப் பேசும். ஒரு குழந்தையைப் பற்றி, அதுவும் படமோ பதிவோ இல்லாத குழந்தையைப் பற்றி, அது எதுவும் சொல்லாது. அண்ணனின் கைகால் அசைவுகள் ஆழத்தில் பட்ட திடீர் காயத்தின் சாயல்தான். வலிப்பு வந்த நேரமும் அதற்குப் பொருந்துகிறது. துடிப்புக் குறைந்தது அதற்குப் பொருந்தவில்லை. இரண்டும் நடந்திருக்கலாம். அவள் சொல்லியிருந்தால்கூட, 1986இல் பனவடலிசத்திரத்தில் அதை வைத்து யார் என்ன செய்திருப்பார்கள்? இதைத்தான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"அப்ப என்னாலன்னும் சொல்ல முடியாது, என்னால இல்லன்னும் சொல்ல முடியாது. அப்படித்தான?"

"ஆமா பெரிம்மா."

"சரி, போ. இம்புட்டு வருசம் கழிச்சு உண்மையச் சொன்னியே."

7

முன்னால் என்ன நடந்தது என்பதைச் சொன்னேன், பிறந்த நிமிடத்தையும் சொன்னேன், மறுநாள் விடியலையும் சொன்னேன். மிச்சம் இருப்பது அதற்குப் பிந்தைய காலம். அதுதான் மிக நீளமானது.

செத்த நரம்புச் செல் திரும்பி வராது. ஆனால் பிறந்த குழந்தையின் மூளை கட்டி முடிக்காத வீடு. இணைப்புகள் அப்போதுதான் அவசர அவசரமாகப் போடப்படுகின்றன, பயன்படுத்தாதவை வெட்டப்படுகின்றன. ஒரு பகுதி போனால் பக்கத்துப் பகுதி ஓரளவு அந்த வேலையை எடுத்துக்கொள்ளும், யாராவது திரும்பத் திரும்ப அந்த வேலையைக் கேட்டால். காயத்துக்குப் பின் மாதக்கணக்கில் மூளையில் அழற்சி நீடிப்பதை மூன்றாம் கட்டம் என்று பெயரிட்டு இப்போது ஆராய்கிறார்கள். எரித்ரோபொய்ட்டின் என்ற மருந்தின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. குளிரோடு அதையும் சேர்த்துக் கொடுத்த பெரிய அமெரிக்கச் சோதனை, கூடுதல் பலன் இல்லை என்று 2022இல் சொன்னது. ஆக இன்றைக்கும் கையில் இருப்பது பயிற்சிதான்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கியது. இன்றைக்கு அதன் பணியாளர்கள் சுற்றுக் கிராமங்களில் வீடுவீடாகப் போய், சின்னக் குழந்தைகளின் தாய்களுக்கு எப்படி உட்காரவைப்பது, எப்படி ஊட்டுவது என்று சொல்லிக்கொடுத்து முன்னேற்றத்தை மொபைல் செயலியில் பதிகிறார்கள். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

பெரியப்பா அண்ணனை ஆறு வயதில் ஆய்க்குடிக்குத் தூக்கிப் போனார். அங்கே பார்த்து வந்ததை வைத்து முற்றத்தில் இரண்டு மூங்கில்களை இணையாகக் கட்டினார். காலையும் மாலையும் அண்ணன் அதற்கு நடுவே நிற்கவேண்டும், பிறகு ஓரெட்டு, பிறகு இரண்டு. நானும் என் தங்கையும் மறுமுனையில் நின்று சேவு காட்டிக் கூப்பிடுவோம். அவன் நடக்க மூன்று வருடம் ஆனது. மூங்கில்களில் கை பிடித்த இடம் மட்டும் எண்ணெய் தடவியதுபோலப் பளபளப்பாகியிருந்தது. மருத்துவ இதழ்களில் மீட்சி என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பளபளப்புத்தான் ஞாபகம் வரும்.

அந்தப் பொங்கல் பேச்சின்போது அண்ணன் திண்ணையில்தான் இருந்தான். மொபைலில் ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான், கேட்கவில்லை என்று நினைத்தோம். பெரியம்மா எழுந்து உள்ளே போகப் போனபோது கையை ஆட்டி நிறுத்தினான். ஒரு வாக்கியத்தை முடிக்க அவனுக்கு நேரமாகும். நாங்கள் காத்திருந்தோம்.

"எப்ப ஆச்சுன்னு... ஊரெல்லாம் கேக்குதிய. என்ட்ட... ஒருத்தரும் கேக்கல. நாந்தான... உள்ள இருந்தேன்."

பெரியம்மா சிரித்துவிட்டாள். வெகுநேரம் சிரித்தாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள்.

"சரி, சொல்லுல. எப்ப ஆச்சு?"

அண்ணன் யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டான்.

"ஞாபகம்... இல்ல."